பெர்பெத்துவாவின் சிவப்புக் கோடு

ஏப்ரல் 19, ஞாயிறு

பூசை முடிந்து ரெமி வந்தார். என் கணவர் லாம்பர்ட்டின் தம்பி. சொல்லாமல்தான் வருவார், ஆனால் இட்லி வேகும் நேரம் தவறாமல் வருவார். மூன்றாவது இட்லிக்குப் பிறகு விஷயத்தைத் தொட்டார். அவருடைய மருமகன் திருச்செந்தூர் சாலையில் ஒரு ரிசார்ட் கட்டி முடித்துவிட்டானாம். சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் நிஜப் படகு ஒன்றை வைத்து, அதில் ஐஸைக் கொட்டி, மேலே மீனையும் இறாலையும் அடுக்கி வைக்க வேண்டுமாம். வருகிறவர்கள் எதை விரல் நீட்டிக் காட்டுகிறார்களோ அதைப் பொரித்துக் கொடுப்பார்களாம்.

"அதான் மைனி, நம்ம பெர்பெத்துவா சும்மாதான கெடக்கு" என்றார்.

பெர்பெத்துவா எங்கள் படகு. லாம்பர்ட் அதற்குத் தன் அம்மாவின் பெயரை வைத்தார். என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அவர் போனபின் இந்த இரண்டு வருஷமாக அது ரெமி உப்பு மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியின் முற்றத்தில், முட்டுக்கட்டைகளின் மேல் நிற்கிறது. சும்மா கிடக்கவில்லை, ஓய்வில் இருக்கிறது என்றேன். அதன் அடிப்பக்கத்தைப் போய்ப் பார்த்தியளா என்று கேட்டார். பார்க்கவில்லை. பார்த்தவள்போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

பேச்சு வளர்ந்து இப்படி முடிந்தது. விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஜூன் நடுவில் முடிகிறது. அதற்குள் பெர்பெத்துவாவைக் கடலில் இறக்கி, வெளியே படகுகளுக்கு அடையாளமாக மிதக்கும் சிவப்புப் போயா வரைக்கும் நானே ஓட்டிப் போய்த் திரும்பினால் படகு எனக்கு, முற்றத்தில் அதன் இடமும் எனக்கு. இல்லையென்றால் ஐஸ். ஆள் வைத்து ஓட்டக் கூடாது. ஆள் வைத்து ஓட்டுவதென்றால் தன் மருமகனும் ஓட்டுவானே என்கிறார்.

சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு வயது எழுபத்து மூன்று. அடுக்களையில் ஞானப்பூ ஒரு கரண்டியைக் கீழே போட்டாள். தவறி விழுந்த சத்தமாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

ஞானப்பூவைக் கூட்டிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனேன். எங்கள் வீட்டில் சமையலும் மற்றதும் அவள்தான். என்னைப்போல அவளும் தனி ஆள். என்னைவிடப் பத்து வயது இளையவள். பேச்சில் என் பங்கையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

படகின் மேல் பக்கம் மோசமில்லை. மரத்துக்கு மேல் ஃபைபர் போர்த்தியது, அதனால் எங்கும் பிளவு இல்லை. அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தேன், பார்த்த வேகத்தில் நிமிர்ந்துவிட்டேன். பழைய சிவப்புப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து தொங்குகிறது. கடலில் கிடக்கும் எதன் மேலும் ஒட்டிக்கொண்டு கல்லாகிப்போகும் கொட்டலசு, கை வைக்க இடமில்லாமல் அப்பியிருக்கிறது. கரையேற்றியபோது யாரும் சுரண்டவில்லை. அந்தச் சமயத்தில் எல்லாருக்கும் வேறு வேலை இருந்தது.

"ஒங்க மாமியாருக்கு அடியில இம்புட்டு இருக்கும்னு யாருக்குத் தெரியும்" என்றாள் ஞானப்பூ. நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் இந்தப் படகில்தான் போயா வரைக்கும் போய் வருவோம். நான் முன்பலகையில், இடது ஓரம், குடையோடு. லாம்பர்ட் பின்னால், மோட்டாரோடு. கனத்த மனிதர். நடுவில் ஒழுங்காக உட்காருவாரா என்றால் மாட்டார், எப்போதும் வலது ஓரத்தில் சரிந்தபடிதான். உட்காருவதில்கூட அவருக்கு ஒரு ஒழுங்கு கிடையாது.

ஏப்ரல் 22, புதன்

பெயின்ட் கான்ட்ராக்டர் பாக்கியநாதனை வரச் சொன்னேன். இந்த ஊரில் படகுக்கு அடிப் பெயின்ட் என்றால் அவர்தானாம். அவரே சொன்னார். இரண்டு செல்போன், ஒரு கறுப்புக் கண்ணாடி, பெயின்டே படாத வெள்ளைச் சட்டை. தடைக்காலத்தில் எல்லா விசைப்படகும் கரையேறிவிடுவதால் தனக்குச் சாப்பிட நேரமில்லை என்றார். கிட்டங்கி முற்றத்தில் நின்று ஒரு முழு மோர்ச் செம்பைக் குடிக்க நேரம் இருந்தது.

படகை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ரெண்டு நாள் வேல மேடம். நம்ம ஆளுங்க வந்து அடிச்சிப் போட்டுட்டுப் போயிருவானுவ" என்றார். கொட்டலசை எப்போது சுரண்டுவீர்கள் என்று கேட்டேன். பெரிசாக இருப்பதைத் தட்டிவிட்டு, மீதியின் மேல் கனமாக அடித்தால் வெளியே தெரியாது என்றார். தெரியாது! அழுக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுக்கிற மாதிரி.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வி கேட்டார்.

"எத்தன பேரு மேடம் போவிய? யாரு எங்க உக்காருவிய?"

ஒரு விதவை தன் படகில் யாரோடு போகிறாள், அவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்பது ஒரு பெயின்ட்காரருக்கு எதற்கு? அது உங்களுக்குத் தேவையில்லாதது என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு இரண்டாவது போனை எடுத்தார். போன் அடிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

ஏப்ரல் 23, வியாழன்

நானே பெயின்ட் அடிப்பதாக முடிவு செய்துவிட்டேன். ஞானப்பூவிடம் சொன்னேன். அவள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 25, சனி

சாமான்கள் வாங்கியாயிற்று. பட்டித் தகடு, பல தரத்தில் உப்புத்தாள், பிரைமர், பாசியும் கொட்டலசும் பிடிக்காத சிவப்புப் பெயின்ட், மேலுக்கு வெள்ளை. கடைக்காரர், பெயின்டர் யாரும்மா என்று கேட்டார். நான்தான் என்றதும் பில்லைத் திருத்துவதுபோலக் குனிந்துகொண்டார்.

டப்பாவில் அச்சடித்திருக்கும் எல்லாவற்றையும் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தேன். பழைய பெயின்டைக் காய வைத்துத் தேய்க்கக் கூடாது, அந்தத் தூசி நஞ்சு. தண்ணீர் தெளித்துத் தேய்க்க வேண்டும். கையுறை போட வேண்டும். மூக்கையும் வாயையும் மூட வேண்டும். முதல் பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகே இரண்டாவது. தெளிவான, நல்ல ஆங்கிலம். ஒரே ஒரு எழுத்துப் பிழைதான். கம்பெனிக்கு எழுதிப்போடலாமா என்று பார்க்கிறேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

சுரண்டினோம்.

ஏப்ரல் 29, புதன்

சுரண்டினோம். இடுப்பு என்று ஒன்று எனக்கு இருப்பது தெரிய வந்தது.

மே 2, சனி

காலையில் வெயில் ஏறுவதற்குள் வேலை, பிறகு வீடு. படகுக்குக் கீழே பாயை விரித்து மல்லாந்து படுத்துச் சுரண்ட வேண்டியிருக்கிறது. லாம்பர்ட்டின் பழைய கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொள்கிறேன். அவருடைய கைக்குட்டைகள் நன்றாகப் பெரியவை, இதற்குப் பொருத்தம். துவைத்து அலமாரியில் வைத்திருந்தேன், சும்மா இருப்பதற்கு உபயோகமாகட்டும்.

ஞானப்பூ முதல் நாள் முழுக்க முணுமுணுத்தாள். இப்போது அவளுக்கு இதில் ஒரு வெறியே வந்துவிட்டது. கொட்டலசு ஒவ்வொன்றும் பெயர்ந்து விழும்போது, தனக்கு வேண்டாத ஒரு ஆளின் பெயரைச் சொல்கிறாள். இன்று அவளுடைய நாத்தனார்கள் அத்தனை பேரும் விழுந்தார்கள்.

ரெமி எட்டிப் பார்த்தார். நான் படகுக்கு அடியிலிருந்து கால் மட்டும் தெரியப் பேசினேன். மைனி, விழுந்துகிழுந்து வைக்காதிய, அண்ணன் இருந்தா என்னைக் கொன்னுபோடுவான் என்றார். நான் ஏற்கெனவே படுத்துத்தான் இருக்கிறேன், இதற்கு மேல் விழ இடமில்லை என்றேன். அவருடைய செருப்பு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு ஐஸ் பெட்டி என்ன அளவு என்று மருமகன் கேட்டதாகச் சொன்னார். அளவெடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

மே 6, புதன்

அடிப்பக்கம் சுத்தமாகிவிட்டது. இப்போதுதான் அந்தக் கோடு முழுசாகக் கண்ணில் படுகிறது.

படகில் தண்ணீர் மட்டம் வரைக்கும் சிவப்பு, அதற்கு மேலே வெள்ளை. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு. கோடு என்றால் நேராக இருக்க வேண்டும் என்பது உலகத்தில் எல்லாருக்கும் தெரியும். லாம்பர்ட் வருஷா வருஷம் தன் கையால் அடித்த இந்தக் கோடு, பின்பக்கம் வலதுபுறம் நாலு விரல் மேலே ஏறிப்போகிறது. முன்னால் வரும்போது இறங்குகிறது. இடதுபுறம் பின்னால் ஒரேயடியாகத் தாழ்ந்துகிடக்கிறது. கல்யாணமான வருஷத்திலிருந்து இது என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

எங்கள் கான்வென்ட்டில் ஸிஸ்டர் ஒலிவியா மார்ஜின் கோடு கோணினால் அந்தப் பக்கத்தையே கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். என் நோட்டில் ஒரு பக்கமும் கிழிந்ததில்லை. இதை லாம்பர்ட்டிடம் பலதடவை சொல்லியிருக்கிறேன். படகுக் கோட்டையும் நான் போட்டுத் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். "அது அப்படித்தான் இருக்கணும் டெல்பின்" என்று சொல்லிச் சிரிப்பார். சோம்பேறித்தனத்துக்கு ஒரு சிரிப்பு.

இந்தத் தடவை சிரிக்க ஆள் இல்லை. கோடு நேராகப் போகும்.

மே 7, வியாழன்

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ரப்பர் குழாயை இரவல் வாங்கினேன். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற குழாய். ஒரு முனையை இங்கே பிடித்து, மறு முனையை அங்கே பிடித்தால், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். தண்ணீர் பொய் சொல்லாது.

முதலில் முட்டுக்கட்டைகளில் ஆப்பு அடித்துப் படகை மட்டமாக்கினோம். பிறகு பழைய கோட்டின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு உயரத்தை எடுத்துக்கொண்டேன். நான் ஒரு முனை, ஞானப்பூ ஒரு முனை. அவள் ஒவ்வொரு தடவையும் பேச வாயைத் திறக்கும்போது கையும் சேர்ந்து ஆடுகிறது, தண்ணீர் ஏறி இறங்குகிறது. கடைசியில் வாயில் ஒரு பனங்கற்கண்டைப் போட்டு நிறுத்தினேன்.

சுற்றிலும் பென்சிலால் குறித்து, ஒட்டுத்தாள் நாடா ஒட்டி முடித்தபோது பாக்கியநாதன் அந்தப் பக்கமாக வந்தார். வழியில் போனாராம். கிட்டங்கி எந்த வழியிலும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி, குனிந்து, கோட்டை நீளவாக்கில் பார்த்தார். பழைய கோடு வேறு மாதிரி அல்லவா இருந்தது என்று கேட்டார். அது என் கணவருடைய கை, இது என்னுடையது என்றேன். மறுபடியும் தோளைக் குலுக்கினார். இந்தத் தடவை போன் நிஜமாகவே அடித்தது.

மே 12, செவ்வாய்

பிரைமர் முடிந்தது. சாம்பல் நிறத்தில் பெர்பெத்துவா ஏதோ தவக்காலத்தில் இருப்பதுபோல இருக்கிறது. கீழே முட்டுக்கட்டை தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் பெயின்ட் படாது. அதனால் ஒவ்வொரு கட்டையாக நகர்த்தி, மறைந்திருந்த இடத்தையும் சுரண்டிப் பூச வேண்டியிருந்தது. கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர்கள் வந்து உதவினார்கள். பாக்கியநாதனின் ஆட்கள் இந்த இடங்களை அப்படியே விட்டுவிடுவார்களாம். யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு.

மே 15, வெள்ளி

சிவப்பு, முதல் பூச்சு. ஞானப்பூ தன் கால் நகங்களிலும் மிச்சத்தைப் பூசிக்கொண்டாள். இதில் பாசி பிடிக்காதில்லையா என்று கேட்டாள்.

என் தலையில் ஒரு பக்கம் சிவப்பு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் போகவில்லை. ஞாயிறு பூசைக்கு முக்காடு போட்டுக்கொள்ளலாம். பக்தி கூடிவிட்டது என்று நினைத்துக்கொள்ளட்டும்.

மே 19, செவ்வாய்

இரண்டாவது பூச்சு. நாடாவைப் பிரித்தேன்.

இதை எழுதுவதில் வெட்கம் இல்லை: எட்ட நின்று அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு மயிரிழை ஏற்ற இறக்கம் இல்லை. ஸிஸ்டர் ஒலிவியா பார்த்திருக்க வேண்டும். வேறு ஆட்களும் பார்த்திருக்கலாம்.

மே 23, சனி

மெக்கானிக் மோட்டாரைப் பழுது பார்த்துக் கொடுத்தார். முற்றத்தில் ஒரு பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, அதன் விளிம்பில் மோட்டாரை மாட்டிப் பழகுகிறேன். கயிற்றை இழுத்தால் ஓட வேண்டும். எத்தனையோ வருஷம் அவர் இழுப்பதைக் கேட்டிருக்கிறேன், ஒரே இழுப்பில் கிளம்பிவிடும். கேட்டிருக்கிறேன் என்றுதான் எழுத வேண்டும், பார்த்ததில்லை. நான் முன்னால் பார்த்துக்கொண்டல்லவா உட்கார்ந்திருப்பேன்.

எனக்கு ஒரே இழுப்பில் வரவில்லை. தோளுக்கு ஞானப்பூ ஓமத் தைலம் தேய்த்தாள். தேய்க்கும்போது, நீங்க ஒத்தையில போவக் கூடாது, நானும் வாரேன் என்றாள். அவளுக்குக் கடல் என்றால் பயம், நீச்சலும் தெரியாது. அதைச் சொன்னேன். "ஒங்களுக்கும்தான் தெரியாது" என்றாள். அது உண்மைதான், ஆனால் எனக்கு அது ஒருபோதும் தேவைப்பட்டதில்லை.

ரெமியிடம் கேட்டதில், ஞானப்பூவை ஆளாக எண்ண முடியாது, அவள் வரலாம் என்றார். இதை அவளிடம் நான் சொல்லவில்லை. மிதவைச் சட்டைகள் இரண்டை அவரே கொடுத்தனுப்பினார்.

மே 27, புதன்

மோட்டார் மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. பீப்பாய் முற்றத்தில் அரை வட்டம் நகர்ந்துபோய் ரெமியின் ஸ்கூட்டரை இடித்தது.

ஜூன் 2, செவ்வாய்

மீன் வாங்கப் போனேன். பாக்கியநாதன் பெயின்ட் அடித்த ஒரு விசைப்படகைச் சோதித்துப் பார்க்க முன்கூட்டியே இறக்கி, மறுபடி கரையேற்றியிருந்தார்கள். அடிப் பெயின்ட் அப்பள அப்பளமாகப் பெயர்ந்து, அதற்கு உள்ளே பழைய கொட்டலசு பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. கரையில் படகுக்காரர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பாக்கியநாதன் இரண்டு காதிலும் ஒவ்வொரு போனை வைத்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பக்கமாக இரண்டு தடவை நடந்தேன், அவ்வளவுதான்.

ஜூன் 4, வியாழன்

சனிக்கிழமை காலையில் இறக்குவதென்று முடிவாகிவிட்டது. மத்தியானத்துக்கு மேல் காற்று எழும்பிவிடும். பங்குச் சாமியாரிடம் மந்திரிக்கச் சொல்லியாயிற்று. படகைக் கரை வரைக்கும் உருட்ட ஆள் வேண்டும். வேறு வழியில்லாமல் பாக்கியநாதனுக்குச் சொல்லி அனுப்பினேன். உருட்டுவதில் சுரண்டுவதற்கு ஒன்றுமில்லை.

ஜூன் 6, சனி

போனோம், திரும்பினோம். படகு என்னுடையது. தோள் வலி. மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 7, ஞாயிறு

நேற்று நடந்தது.

தென்னந்தடிகளின் மேல் உருட்டிப் பெர்பெத்துவாவைத் தண்ணீரில் விட்டார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தார். படகு மிதந்தபோது கோடு தண்ணீரோடு தண்ணீராக, அளவெடுத்ததுபோல ஒட்டி நின்றது. சுற்றிலும் ஒரே சீர். நான் பாக்கியநாதனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெமியின் மருமகனும் வந்திருந்தான், கையில் அளவு நாடாவோடு.

படகில் ஏறினேன். முன்பலகையில் என் இடத்தில் உட்கார்ந்தேன். குடையை விரித்தேன்.

எல்லாரும் கரையில் நின்றார்கள். நானும் காத்திருந்தேன். காலையில் கடல் எண்ணெய் விட்டதுபோல அசையாமல் இருந்தது, மாதா கோயில் மணி அடித்தது, ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று எனக்குச் சற்று எரிச்சல்கூட வந்தது. கயிற்றை இழுக்கும் சத்தம் எங்கே?

ஞானப்பூ முழங்கால் தண்ணீரில் இறங்கி என் பக்கத்தில் வந்தாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"அம்மா, பின்னால போங்க. அங்கல்லா மோட்டார் இருக்கு."

குடையை மடக்கினேன். மடக்குவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது, அந்தக் குடைக்கு எப்போதும் கம்பி சிக்கும். அதற்குள் என் கனத்தில் படகின் முன்பக்கம் முங்கி, இடது பக்க வெள்ளையில் தண்ணீர் ஏறியிருந்தது. பின்னால் சிவப்பு முழுக்க மேலே தூக்கிக்கொண்டு, உள்பாவாடை தெரிகிற மாதிரி நின்றது. ரெமியின் மருமகன் அளவு நாடாவைப் பையில் வைத்தான். ரெமி அவனை முறைத்ததாக ஞானப்பூ பிறகு சொன்னாள்.

"நான் கேட்டேன்லா மேடம், யாரு எங்க உக்காருவியன்னு" என்றார் பாக்கியநாதன். அவர் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

பின்னால் போனேன். அந்தப் பலகையில் நான் உட்கார்ந்ததே இல்லை. மரம் ஒரு பக்கம் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது, மற்றப் பக்கம் சொரசொரப்பாக இருக்கிறது. நான் நடுவில் உட்கார்ந்தேன். ஞானப்பூ முன்பலகையில் இடது ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, மரியே வாழ்க சொல்லத் தொடங்கினாள். கயிற்றை இழுத்தேன். இழுத்தேன். மறுபடியும் இழுத்தேன். கிளம்பிவிட்டது.

கரை விலகி, நேராகப் போயாவுக்கு முகத்தை வைத்தாயிற்று. வெயில் சுள்ளென்று ஏறியது. ஞானப்பூ ஜெபத்தை நிறுத்தாமலே என் குடையை எடுத்து விரித்தாள்.

உடனே எனக்கு எதிரே எதுவும் இல்லாமல் போயிற்று. போயா இல்லை, கடல் இல்லை, வானத்தில் பாதி இல்லை. கறுப்புத் துணி ஒன்றுதான், அதன் கீழே ஞானப்பூவின் பின்கழுத்தும் கொண்டையும். குடையை மடக்கு, வழி தெரியவில்லை என்று சத்தமாகச் சொன்னேன். அவள் திரும்பாமலே பதில் சொன்னாள்.

"வெயிலு மண்டயப் பொளக்கு. நீங்க ஒருநாளாச்சும் மடக்கினியளா?"

மோட்டார் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் வலது ஓரத்துக்கு நகர்ந்தேன். பலகை வழுவழுப்பாக இருந்த பக்கம் அதுதான். கொஞ்சம் சரிந்து, குடையின் விளிம்பைத் தாண்டிப் பார்த்தேன். போயா தெரிந்தது. படகு வலது பக்கம் இலேசாகச் சாய்ந்துகொண்டு, அந்தச் சாய்விலேயே சுகமாகப் போயிற்று.

போயாவைச் சுற்றித் திரும்பினோம். பாதி வழியில் நான் எட்டிப் பார்த்தேன். வலதுபுறம் பின்னால் சிவப்பைத் தாண்டி வெள்ளையில் தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது, சுமார் நாலு விரல். இடதுபுறம் சிவப்பு வெளியே தெரிந்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும்.

ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். அத்தனை ஞாயிற்றுக்கிழமையில் ஒரே ஒரு தடவை, டெல்பின், குடை மறைக்குது என்று. வாயில் என்ன இருந்தது அவருக்கு?

கரையில் ரெமி இடுப்புத் தண்ணீரில் இறங்கி வந்து படகைப் பிடித்தார். தோற்றவர் முகம் மாதிரி இல்லை. ஞானப்பூவின் கையைப் பிடித்து முதலில் அவளை இறக்கிவிட்டார். மருமகனிடம், தம்பி, தச்சன்கிட்ட ஒரு டம்மி படகு செஞ்சுக்கோ, இதுல மைனி உக்காந்திருக்காவ என்றார். வீட்டுக்கு வந்து நாலு இட்லி சாப்பிட்டார். என் கண் சிவந்திருப்பதாகச் சொன்னார். உப்புக்காற்று.

ஜூன் 9, செவ்வாய்

பாக்கியநாதனை வரச் சொன்னேன். வெள்ளையில் தண்ணீர் ஏறும் இடத்தில் சீக்கிரமே பாசியும் கொட்டலசும் பிடித்துவிடும், அதனால் கோட்டை மாற்றியாக வேண்டும். படகை மறுபடி கரையேற்றி, அடிப்பக்கத்தைத் தொடாமல், கோடு மட்டும். அடிப்பக்கம் என் வேலை, அதில் அவருக்கு என்ன பங்கு? அவரும் அதை ஒத்துக்கொண்டார். குனிந்து கையால் தடவிப் பார்த்துவிட்டு, எங்க ஆளுங்களுக்கு ஒரு நாள் வந்து சொல்லிக்குடுங்க மேடம் என்றார். அவர் ஆட்கள் என் வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டார்கள், ஆனாலும் யோசிக்கிறேன் என்றேன்.

குழாய் மட்டம் இந்தத் தடவை வேண்டாம் என்றார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, சற்றுத் தயங்கி, கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி மேடம். யாரு எங்க உக்காருவிய?"

பின்பலகையில் நான், வலது ஓரம் என்றேன். முன்பலகையில் ஞானப்பூ, இடது ஓரம். எழுதிக்கொள்ளுங்கள், குடையோடு.